நிச்சயதார்த்தத்தன்று பொங்கிய கேலக்ஸி

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில், என் தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது இது. இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு இருந்த கடுப்பில், மண்டபத்து வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பிடுங்கி யாரையாவது அடித்திருப்பேன்.

முதலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்போது பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பாடம் வானியல். "அப்போ ஜாதகம் பார்ப்பீங்களா?" என்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே பூ விற்கும் அக்காவில் ஆரம்பித்து, பங்சாரில் என் பல்லைப் பிடுங்கிய டாக்டர் வரைக்கும் கேட்டாகிவிட்டது. அதுவும் அந்த டாக்டர், நான் வாயைத் திறந்து வைத்திருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

வெகு தூரத்தில் சில கேலக்ஸிகள் இருக்கின்றன. அவற்றின் நடுவில் ராட்சசக் கருந்துளை ஒன்று உட்கார்ந்துகொண்டு சுற்றி இருப்பதையெல்லாம் விழுங்கும். விழுங்க வந்ததில் கொஞ்சத்தை வெளியே தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். அந்தத் தாரை சரியாக நம் பக்கம் திரும்பியிருந்தால், யாரோ தண்ணீர்க் குழாயை நம் முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி, அந்த கேலக்ஸி நமக்கு ரொம்பப் பிரகாசமாகத் தெரியும். சும்மா கிடக்கும், திடீரென்று பால் பொங்குகிற மாதிரி பொங்கும், அப்புறம் அடங்கிவிடும். எப்போது பொங்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொங்கலைப் படிப்பதுதான் என் வேலை.

இதில் ஒரு சிக்கல். பொங்கும்போது வருவது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மட்டும் இல்லை. காமா கதிர், எக்ஸ்ரே, ரேடியோ என்று எல்லாம் கலந்து வரும். ஒவ்வொன்றையும் பார்க்க ஒவ்வொரு தொலைநோக்கி. பக்கத்து வீட்டில் சண்டை என்று வையுங்கள். ஒருவருக்குச் சத்தம் மட்டும் கேட்டது, இன்னொருவர் தட்டு பறந்ததை மட்டும் பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கவனித்திருந்தால்தான் யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியும். எங்களுக்கும் அப்படித்தான். காமா கதிர் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்று வானம் முழுவதையும் ஓயாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது "இங்கே பொங்குது" என்று சொன்ன உடனே, மற்ற தொலைநோக்கிக்காரர்களிடம் ஓடிப்போய் "தயவுசெய்து இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க" என்று கெஞ்ச வேண்டும். தாமதித்தால் அடங்கிவிடும். போனது போனதுதான்.

நான் எடுத்துக்கொண்ட கேலக்ஸி மூன்று வருஷமாக அசையவே இல்லை. உலகத்தில் மற்றவர்கள் பார்த்த கேலக்ஸி எல்லாம் பொங்கியது. என்னுடையது படுத்துக் கிடந்தது. என் பேராசிரியர், நல்ல மனிதர்தான், "வேற சோர்ஸ் எடு. இது செத்துப்போச்சு" என்று மாதம் ஒரு முறை சொல்வார். வீட்டில் அம்மா, "எப்ப முடிப்ப?" என்று வாரம் ஒரு முறை கேட்பார்.

அப்படிப்பட்டது, தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று பொங்கியது.

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போது லேப்டாப் பையைத் தோளில் மாட்டினேன். அம்மா பார்த்துவிட்டார். "நிச்சயத்துக்கு யாராச்சும் லேப்டாப் தூக்கிட்டு வருவாங்களா? அந்தத் தட்டைத் தூக்கு." லேப்டாப் மேஜைமேல் போனது, சீர்த்தட்டு என் கைக்கு வந்தது. கார் நிறையத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஜாமில் ஊர்ந்து, கிள்ளான் போய்ச் சேர்ந்தோம்.

பெண் வீடு கிள்ளான். மண்டபமும் அவர்கள் வீட்டுப் பக்கத்துக் கோயில் மண்டபம்தான். பெண் தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், டீச்சர். எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. இரண்டு முறை பார்த்திருக்கிறேன், "சாப்டீங்களா அக்கா" என்பதற்கு மேல் பேசியதில்லை. தம்பியைவிட ஒரு வயது மூத்தவர். இது என் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பெரியம்மா என்றால் எங்கள் குடும்பத்தில் சாதாரண ஆள் இல்லை. அவர் முகம் சுளித்தால் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. "பாப்போம், பொண்ணு எப்படின்னு" என்று சொல்லிக்கொண்டுதான் அன்றைக்கு வந்திருந்தார். குற்றம் கண்டுபிடிக்கத் தயாராக வந்த முகம் அது.

தட்டுகளை மேடையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். தானாக வரும் எச்சரிக்கை மின்னஞ்சல். என் கேலக்ஸி. காமா கதிரில் வழக்கத்தைவிட பல மடங்கு. குங்குமச்சிமிழைக் கீழே போட்டுவிட்டேன். தட்டெல்லாம் சிவப்பு. அம்மா பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன்.

வெளியே ஓடிப்போய்ப் பேராசிரியருக்குப் போன் அடித்தேன். அவர் முதலில் நம்பவில்லை. "பக்கத்துல இருக்கற வேற சோர்ஸ் இல்லையே?" என்றார். இல்லை, நான் இடத்தைச் சரிபார்த்துவிட்டேன் என்றேன். உடனே குரல் மாறியது. எக்ஸ்ரே செயற்கைக்கோளுக்கு விண்ணப்பம் போடச் சொன்னார். அதில் சாதாரண வெளிச்சத்தையும் புற ஊதாவையும் பார்க்கிற சின்னத் தொலைநோக்கியும் சேர்ந்தே இருக்கிறது, ஒரு விண்ணப்பத்தில் எல்லாம் கிடைத்துவிடும். "நீங்க போடுங்களேன் சார்" என்று கெஞ்சினேன். அவரோ மனைவி பிள்ளைகளோடு ஈப்போவுக்குக் காரோட்டிப் போய்க்கொண்டிருந்தார். "ஐ ஆம் ஆன் தி ஹைவே லா! உன் சோர்ஸ், நீ போடு. சீக்கிரம்!" என்று வைத்துவிட்டார்.

சீக்கிரம் என்று அவர் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. இன்னும் சில நாளில் சூரியன் அந்த கேலக்ஸி இருக்கும் பக்கம் வந்துவிடும். அப்புறம் அந்தச் செயற்கைக்கோளைத் திருப்பவே மாட்டார்கள், கருவி கெட்டுவிடும். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் இந்தப் பொங்கல் எப்போதோ அடங்கியிருக்கும்.

போனிலேயே விண்ணப்பத்தைத் திறந்தேன். அந்த வலைப்பக்கத்தைச் செய்த புண்ணியவான், மனிதர்கள் போன் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்பதை அறியாதவர். பாதி பெட்டி திரைக்கு வெளியே நின்றது. விரலை வைத்தால் வேறு எங்கோ தொட்டது. ஏன் அவசரம் என்று ஒரு பத்தி எழுதி முடித்து அடுத்த பக்கம் போனால், மறுபடியும் லாகின் பண்ணச் சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. மண்டபத்துக்குத் தகரக் கூரை, உள்ளே போனால் லைன் விட்டுவிட்டுத்தான் வரும். வெளியே நின்றால் வெயிலில் திரை தெரியவில்லை.

சரி, பிரிக்பீல்ட்ஸுக்கே போய்விடுவோம், லேப்டாப்பில் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம் என்று கார் பக்கம் ஓடினேன். என் காரை மறித்து ஒரு வெள்ளை வேன் நின்றது. டபுள் பார்க்கிங். நம் ஊரில் இது புதிதா? கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்திருந்தார்கள், நல்ல பழக்கம். ஆனால் வெயிலில் கடைசி எண் வெளிறி மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று என்று அடித்தேன். ஒரு மலாய்க்கார மக்சிக், அதாவது ஆன்டி, எடுத்தார். பாவம், எங்கேயோ காய்கறிப் பாசாரில் இருந்தார். வேன் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். எட்டு போட்டேன். யாரும் எடுக்கவில்லை. ஹார்ன் அடித்தேன். எதிர்வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது.

அந்த நேரத்தில்தான், பெண் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நீதானே நட்சத்திரம் படிக்கிற பொண்ணு?"

"ஆமா மாமா. இப்ப கொஞ்சம் அவசரம்..."

"ஒரே நிமிஷம். எனக்கு அஷ்டமச் சனி நடக்குதுன்னு ஒருத்தன் சொல்றான், முடிஞ்சுபோச்சுன்னு ஒருத்தன் சொல்றான். நீ என்ன சொல்ற?"

நான் படிப்பது வேறு என்று சொன்னேன். சனி கிரகம்தானே என்றார். ஆமாம், ஆனால் நான் பார்ப்பது அதற்கெல்லாம் ரொம்ப தூரத்தில் என்றேன். "தூரத்துல இருக்கறதே தெரியுது, பக்கத்துல இருக்கறது தெரியாதா?" என்று உள்ளங்கையை நீட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ கோடி வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சம், மூன்று வருஷம் நான் தவம் கிடந்தபோது வராமல், இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்து, என்னை இந்த உள்ளங்கைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறதே!

எப்படியோ தப்பித்து மண்டபத்தின் பின்பக்கம் போய், படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடியும் போனோடு மல்லுக்கட்டினேன். பேட்டரி சிவப்பில் வந்துவிட்டது. "ஐயோ, அலாமாக்!" என்று நான் கத்தியது உள்ளே கேட்டிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த கதவு திறந்தது. அது பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற அறை. பட்டுச்சேலையில், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு, கல்யாணப்பெண் எட்டிப் பார்த்தார்.

"அக்கா? என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

நான் கொட்டித் தீர்த்தேன். காமா, எக்ஸ்ரே, சூரியன், ஈப்போ, வேன், சனி, எல்லாம் ஒரே மூச்சில். அவர் கண் இமைக்காமல் கேட்டார்.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல. இப்ப உங்களுக்கு ஒரு லேப்டாப் வேணும், அதானே?"

"அதான்."

"நம்ம போட்டோ ஸ்லைடு ஷோ ஓடுதே, அது என் லேப்டாப்தான். உள்ள வாங்க."

தங்கையை அனுப்பினார். அந்தப் பெண் போய், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பிலிருந்து வயரைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மண்டபத்துத் திரையில் தம்பியும் இவரும் பத்துமலை முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த படம் போய் நீலமாக நின்றதாம். நல்லவேளை, நான் பார்க்கவில்லை. மேக்அப் போடுகிற அக்கா தன் பவர்பேங்க்கை என் போனில் செருகினார். ஜன்னலோரத்தில் லைன் கிடைத்தது. பவுடர் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் கதவு தட்டப்பட்டது. பெண்ணை அழைத்து வரச் சொன்னாராம் ஐயர். நல்ல நேரம் முடிய அதிக நேரம் இல்லையாம். நான் எழுந்தேன். பெண் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சேலைக்குப் பின் குத்துறாங்க! இதோ வரேன்!" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். சேலைக்கு எப்போதோ பின் குத்தியாகிவிட்டது.

"நீங்க போங்க," என்றேன். "நான் இங்கேயே இருந்து முடிச்சிக்கறேன்."

"நான் போனா இந்த ரூமுக்குள்ள எல்லா ஆன்டியும் வந்துருவாங்க அக்கா. கைப்பை எடுக்க, பூ வைக்க, கண்ணாடி பாக்க. உங்கள விடுவாங்களா? நீங்க அடிங்க."

அது உண்மைதான். அந்த அறைக்கு வெளியே நின்ற கூட்டம் என்னை இன்னொரு வரி எழுத விட்டிருக்காது.

நான் அடித்தேன். கேலக்ஸி இருக்கும் இடத்தின் எண்கள் எனக்கு மனப்பாடம். ஏன் இப்போதே பார்க்க வேண்டும், எத்தனை முறை பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினால், பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. கேலக்ஸியின் பெயரில் ஒரு கூட்டல் குறி இருக்கும், அது அந்தப் பெட்டிக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்தேன். இப்போது போனுக்கு வரும் குறியெண்ணைக் கேட்டது. குறியெண் வரவில்லை. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

மறுபடி கதவு. இந்த முறை பெரியம்மா. தட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"என்னம்மா நடக்குது உள்ள? நேரம் போகுது. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

என் பெரியம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு வேறு எதுவும் நடக்கலாம், பெரியம்மாவைக் காக்கவைத்த மருமகள் என்று பேர் எடுக்கக்கூடாது. வேண்டாம், விட்டுவிடலாம் என்று சைகை செய்தேன். அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் நீட்டி, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆன்டி, அஞ்சே நிமிஷம். நீங்க முன்னாடி போய் நல்லா சாஞ்சு உக்காருங்க. தண்ணி குடிங்க. நான் வந்துருவேன். சரியா?"

தடிகாவில் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரல். என் பெரியம்மா, என் அப்பாவையே நடுங்கவைத்த பெரியம்மா, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

குறியெண் வந்தது. போட்டேன். பச்சையாக ஒரு வரி தோன்றியது: விண்ணப்பம் பெறப்பட்டது. இன்னொரு ஜிமிக்கியை நானே அவர் காதில் மாட்டிவிட்டேன். அவசரத்தில் இரண்டு முறை குத்திவிட்டேன். "ஆ" என்று மட்டும் சொன்னார்.

மேடைக்குப் போனதும் பெரியம்மாவுக்குத் தெம்பு திரும்பிவிட்டது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இப்பவே இவ்ளோ காக்க வைக்கிற பொண்ணு, நாளைக்கு எப்படி இருக்குமோ" என்று ஆரம்பித்தார். பெண்ணின் அம்மா முகம் செத்துப்போனது. பெண் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை.

"பெரியம்மா, லேட் பண்ணது நான்," என்றேன். மேடையில், மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்பதைக் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. "எனக்கு அவசர வேலை. அவங்க எனக்காகத்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். தம்பி நிச்சயத்தில் அப்படி என்ன வேலை, யாராவது சாகப் போகிறார்களா, என்று ஆளுக்கொரு பக்கம். ஒரு கேலக்ஸி பொங்கிவிட்டது என்று மைக்கில் எப்படிச் சொல்வது? கடைசியில் ஐயர்தான், "நேரம் இன்னும் இருக்கு, அதையும் சண்டை போட்டே முடிச்சிடாதீங்க" என்றார். தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அம்மா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ரசம் ஊற்றும்போது மின்னஞ்சல் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள், சில மணி நேரத்தில் செயற்கைக்கோள் திரும்பும் என்று. ஓடிப்போய்ப் பெண்ணிடம் சொன்னேன். அவர் வாயில் தம்பி லட்டு ஊட்டிக்கொண்டிருந்தான், போட்டோவுக்காக மூன்றாவது முறையாக. "அப்போ ஓகே லா அக்கா," என்றார், வாய் நிறைய லட்டோடு. அவ்வளவுதான். வெளியே வந்தால் வெள்ளை வேன் நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அஷ்டமச் சனி மாமா. "உன் காரா அது? சொல்லியிருக்கலாமே!" என்றார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது தெரியுமா? காமா கதிர் அப்படிப் பொங்கிய நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எக்ஸ்ரே கொஞ்சம் அசைந்தது. காமாவும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சேர்ந்தே ஏறும் என்று நான் எழுதி வைத்திருந்த விளக்கம் மொத்தமும் அடிபட்டுப் போனது. பேராசிரியர் குதித்தார், இதுதான் சுவாரசியம் என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டு மறுபடி எழுதினேன். அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால், தவறான அந்த விளக்கத்தையே கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். பட்டம் வாங்கியது அந்தப் புது அத்தியாயத்தால்தான்.

தம்பி மனைவிக்கு இன்றைக்கும் என் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது. விளக்க ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிறார். பெரியம்மாவுக்கு இப்போது அவர்தான் செல்லம், அது தனிக்கதை. புரிந்துகொண்டவர்கள் எனக்கு உதவி செய்திருக்கிறார்கள், அதற்கெல்லாம் நன்றி இருக்கிறது. ஆனால் தன் வாழ்க்கையின் முக்கியமான ஒரு காலையில், எதற்கு என்றுகூடத் தெரியாமல், எனக்கு அது முக்கியம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதை நினைக்கும்போதெல்லாம், நான் அப்படி யாருக்காவது நின்றிருக்கிறேனா என்ற யோசனை வந்துவிடுகிறது.